பாதி விலையும் முழு விலையும்



வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசுவது, அண்ணன் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு தம்பி வீட்டு விருந்துக்குக் காய் நறுக்குவது போன்றது. ஆயினும் அண்ணன் பெருந்தன்மை உடையவர். அவரே அழைத்து, இதைப் பற்றிப் பேசுக என்று கூறிவிட்டபின் எனக்குத் தயக்கம் இல்லை.

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அக்காலத்தில் தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே பெருமை. அதை வாங்கியவர் பத்துப் பேரைக் கேட்டு, பல நாள் எண்ணிய பிறகே வாங்கினார். இன்று அது ஏழை வீட்டிலும் செல்வர் வீட்டிலும் இருக்கிறது. வாங்குவது எளிதாகிவிட்டது, எண்ணிப் பார்ப்பதுதான் குறைந்துவிட்டது. ஆடி பிறந்தாலும், தீபாவளி நெருங்கினாலும், பொங்கல் வந்தாலும் நாளிதழைத் திறந்த பக்கமெல்லாம் தள்ளுபடி! நூற்றுக்கு நாற்பது என்பார் ஒருவர். ஐம்பது என்பார் மற்றொருவர். அறுபது என்பார் மூன்றாமவர். இவர்களுள் யாரை நம்பலாம்? குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெட்டி நெடுநாள் உழைக்குமா, உழைக்காதா என்பதை வாங்குமுன் அறிய வழி உண்டா? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் மின்னணுப் பொறியியல் கற்றவன் அல்லேன். பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் தகுதி ஒன்றே ஒன்றுதான். இந்தக் கணக்குக்கு ஒருமுறை தவறான விடை சொன்னவன் நான். தவறாகப் போட்ட கணக்கை ஒருவன் எளிதில் மறப்பதில்லை.

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருப்பவர். அவருடைய தந்தை பக்கவாதத்தால் ஒரு பக்கம் கையும் காலும் வழங்காமல் கட்டிலோடு கிடந்தார். பகலெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் அவருக்கு எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைக்கவேண்டும் என்பது மகனுடைய ஆசை. அதற்காகவே மாதச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்திருந்தார். அப்பொழுது ஒரு திருமண மண்டபத்தில் மூன்று நாள் விற்பனை நடைபெற்றது. 43 அங்குலப் பெட்டி. அட்டையில் அச்சிட்டிருந்த விலை ரூ. 35,990, அவர்கள் கேட்ட விலை ரூ. 17,500. விளம்பரத் தாளை என் கையில் கொடுத்து, "ஐயா, வாங்கலாமா? தாங்கள் சொன்னால் வாங்கிவிடுகிறேன்" என்றார்.

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். பாதிக்கும் குறைந்த விலை என்பதை மட்டும் கண்டேன். "பாதி விலைக்குக் கிடைக்கும்போது யோசிப்பானேன், தம்பி? வாங்கிவிடு" என்றேன். அந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷங்கூட ஆகவில்லை.

பதினோராம் மாதம் ஒரு நாள் மாலை அந்தப் பெட்டியின் திரை இருண்டது; ஒலி மட்டும் வந்தது. உத்தரவாத அட்டையில் ஓராண்டு என்று எழுதியிருந்தது. ஆனால் அதில் விற்றவருடைய முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை. ரசீது வேண்டாம் என்றால் இன்னும் 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார்களாம். இவரும் இசைந்து ரூ. 17,000 கொடுத்து வாங்கிவந்திருந்தார். அட்டையில் கண்ட தொலைபேசி எண்ணில் மறுமொழி இல்லை. மண்டபத்துக்குச் சென்று பார்த்தபோது அங்கே யாருக்கோ திருமணம் நடந்துகொண்டிருந்தது.

செய்தி அறிந்து நான் அவர் வீட்டுக்குச் சென்றேன். பெரியவர் இருண்ட திரையைப் பார்த்தபடியே செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நான் வருத்தம் தெரிவித்தேன். மாணவர், "ஐயா, தாங்கள் என்ன செய்வீர்கள்? பெட்டிக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?" என்று எனக்கே ஆறுதல் கூறினார். அவர் கடிந்து பேசியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. வினாவைப் படிக்காமல் விடை எழுதிய மாணவனுக்கு நான் எத்தனையோ முறை சுழி போட்டிருக்கிறேன். அன்று எனக்கு நானே சுழி போட்டுக்கொண்டேன்.

பெட்டிக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? அன்று முதல் இந்த வினா என்னை விடவில்லை. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து மாட்டின் வயதை அறிகிறோம். தேங்காயைத் தட்டிப் பார்த்தும், கத்தரிக்காயின் காம்பைப் பார்த்தும், பானையைச் சுண்டி ஓசையைக் கேட்டும் வாங்குகிறோம். உள்ளே இருப்பதைக் காட்டும் அடையாளங்கள் வெளியே உண்டு என்பது நம் பாட்டிமார் அறிந்த பாடம். தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அப்படி அடையாளங்கள் இருக்கவேண்டும் அல்லவா? பழுது பார்ப்பவர்களிடம் சென்று கேட்டேன். சட்டத்தையும் விதிகளையும் படித்தேன். அறிந்தவற்றை ஐந்து வினாக்களாக வகுத்துக் கூறுகிறேன்.

முதல் வினா: விலை ஏன் குறைந்தது? காரணம் இன்றி யாரும் விலை குறைப்பதில்லை. அக்காரணம் நல்லதாகவும் இருக்கலாம், தீயதாகவும் இருக்கலாம். புதிய மாதிரி வந்துவிட்டது, பழைய இருப்பைத் தீர்க்கவேண்டும் என்பது நல்ல காரணம். பண்டிகைக் காலத்தில் நிறைய விற்பதால் ஒவ்வொன்றிலும் குறைந்த லாபம் போதும் என்பதும் நல்ல காரணமே. வரி குறைந்தாலும் விலை குறையும். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு நூற்றுக்கு 28 ஆக இருந்த சரக்கு, சேவை வரி 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் 18 ஆயிற்று. 32 அங்குலம் வரையுள்ள பெட்டிகளுக்கு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்தே 18-தான். வரிக்கு முன் ரூ. 10,000 மதிப்புள்ள பெரிய பெட்டி, முன்பு ரூ. 12,800, பிறகு ரூ. 11,800. நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுக் குறைவு. பழைய விலையைக் காட்டி அந்த எட்டையும் தம்முடைய தள்ளுபடியில் ஒருவர் சேர்த்துச் சொன்னால், அது அவர் தந்த கொடை அன்று. அரசு விட்டுக்கொடுத்த வரி.

இனி, ஐயத்துக்குரிய காரணங்கள். அட்டையில் அச்சிடும் அதிக அளவு விற்பனை விலை என்பது, அதற்கு மேல் விற்கக் கூடாது என்னும் எல்லையே ஆகும். பொருளின் மதிப்பு அதுதான் என்பதற்கு அது சான்று அன்று. பதினேழாயிரத்துக்கு விற்க எண்ணிய பெட்டியின்மேல் முப்பத்தாறாயிரம் என்று அச்சிட்டுவிட்டால் பாதி விலை என்று பறை சாற்றலாம். என் மாணவருக்கு நேர்ந்தது அதுவே என்று இப்பொழுது எண்ணுகிறேன். ஆகவே அச்சிட்ட விலையோடு ஒப்பிடாதீர்கள். அதே மாதிரி எண்ணுள்ள பெட்டியை வேறு மூன்று கடைகள் இன்று என்ன விலைக்குக் கொடுக்கின்றன என்று கேட்டு, அதனோடு ஒப்பிடுங்கள். மாதிரி எண்ணின் கடைசியில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெட்டி என்பதை நினைவில் கொள்ளுங்கள். நூற்றுக்கு இருபது, அதன்மேல் மேலும் பத்து என்று சொன்னால், முப்பது என்று கூட்டிவிடாதீர்கள். 100 முதலில் 80 ஆகும். எண்பதில் பத்தில் ஒரு பங்கு கழிந்து 72 ஆகும். தள்ளுபடி 28-தான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு இது. ஆனால் கடை வாசலில் பெரியவர்களும் இதை மறந்துவிடுகிறார்கள்.

கடையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதும் உண்டு. அது நாள்தோறும் பத்து மணி நேரம், மிகுந்த ஒளியோடு எரிந்திருக்கும். ஆறு மாதத்துக்கு 1,800 மணி. நம் வீட்டில் நாளைக்கு நான்கு மணி நேரம் பார்ப்போமானால் அது 450 நாள் உழைப்பு. ஒன்றேகால் ஆண்டு உழைத்த மாட்டைக் கன்று என்று வாங்குவதா? திருப்பி அனுப்பப்பட்டுப் பழுது நீக்கிய பெட்டியும் இவ்வாறே. இவற்றை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்னது என்று அறிந்து, அதற்குரிய விலைக்கு, உத்தரவாதத்தோடு வாங்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

இரண்டாம் வினா: இந்தப் பெட்டிக்குப் பொறுப்பாளி யார்? முன்பக்கத்தில் ஒளிரும் பெயரை மட்டும் பார்ப்பது போதாது. பழைய புகழ்பெற்ற பெயரைக் கட்டணம் கொடுத்துப் பெற்று, வேறொரு நிறுவனம் பெட்டி செய்து விற்பது இன்று வழக்கம். அது குற்றம் அன்று. ஆனால் நம் தாத்தா வாங்கிய வானொலிப் பெட்டியின் நற்பெயர் இந்தப் பெட்டிக்கும் உரியது என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், குறை சொல்ல வேண்டிய எண்ணும் இருத்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. முகவரி இல்லாத பெட்டி, தகப்பன் பெயர் சொல்லாத மாப்பிள்ளை போன்றது.

அங்கேயே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவெண்ணும் இருக்கவேண்டும். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை தொலைக்காட்சிப் பெட்டிக்கும் உரியது. அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' என்னும் கைப்பேசிச் செயலியில் இட்டால், அது யாருக்கு வழங்கப்பட்டது என்பதைக் கடையில் நின்றபடியே காணலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இம்முத்திரை, பெட்டி தீப்பற்றாமலும் மின்சாரம் தாக்காமலும் இருப்பதற்கான பாதுகாப்புச் சான்று. பத்தாண்டு உழைக்கும் என்பதற்குச் சான்று அன்று. ஆனாலும் அந்தச் சான்றுகூட இல்லாத பெட்டியை வீட்டுக்குள் விடலாகாது.

பொறுப்பாளியை அறிய மற்றொரு வழியும் உண்டு. வாங்குமுன் அந்நிறுவனத்தின் பழுது பார்க்கும் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த ஊருக்கு ஆள் அனுப்புவீர்களா? எத்தனை நாளில் வருவார்?" என்று கேளுங்கள். வாங்குமுன்னே மறுமொழி சொல்லாதவர், வாங்கிய பின் சொல்வார் என்று எண்ண இடமில்லை.

மூன்றாம் வினா: பெட்டி எவ்வாறு கெடுகிறது? இதை அறிந்தால்தான் மலிவின் இரகசியம் விளங்கும். இன்றைய சாதாரணத் தொலைக்காட்சியின் திரை தானாக ஒளிர்வது அன்று. முன்னால் திரவப் படிகத் தகடு இருக்கிறது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாகச் சிறு எல்.இ.டி. விளக்குகள் எரிகின்றன. அந்த ஒளியைத் தகடு ஆங்காங்கே மறைத்தும் விடுத்தும் படத்தை உண்டாக்குகிறது. தோற்பாவைக்கூத்துத் திரைக்குப் பின்னால் விளக்கு வைப்பதில்லையா, அதைப் போல. விலையைக் குறைக்க எண்ணுபவர் சிலர் விளக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்து, இருப்பவற்றுக்கு மிகுந்த மின்னோட்டம் கொடுத்து ஒளியை ஈடு செய்கிறார்கள். விளக்குகள் சூடேறுகின்றன, விரைவில் கெடுகின்றன. திருவிழாவில் தொடர்விளக்குக் கட்டுகிறோம். ஒரு விளக்கு போனால் அந்தச் சரமே அணைந்துவிடும். இங்கும் அவ்வாறே. ஒரு சிறு விளக்கு கெட்டால் திரையே இருண்டுவிடலாம். ஒலி வரும், படம் வராது. என் மாணவர் வீட்டில் நேர்ந்தது இதுதான். பழுது பார்ப்பவர் இருண்ட திரையின்மேல் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தார். மங்கலாகப் படம் தெரிந்தது! தகடு நன்றாக இருக்கிறது, விளக்குத்தான் போயிற்று என்பதற்கு அதுவே அடையாளம். ஆயினும் அந்தப் பெயருள்ள பெட்டிக்குப் பொருந்தும் விளக்குப் பட்டை எங்கும் கிடைக்கவில்லை.

விளக்குப் பட்டையும், மின்சாரம் வழங்கும் பலகையும் மாற்றக் கூடியவை. உதிரிப்பாகம் கிடைத்தால் செலவு தாங்கக் கூடியது. திரைத் தகடு உடைந்தாலோ கோடு விழுந்தாலோ புதிய தகட்டின் விலை பெட்டியின் விலையை நெருங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். ஆகவே உத்தரவாதம் ஓராண்டு என்று சொன்னால் போதாது. திரைத் தகட்டுக்கு எத்தனை ஆண்டு, விளக்குக்கு உண்டா, இடியாலும் மின்னழுத்த மாறுதலாலும் நேரும் பழுதை ஏற்பார்களா என்று தனித்தனியே படித்துப் பார்க்கவேண்டும். கடைசியாகச் சொன்னவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகையால் இடி மின்னலின்போது மின்கம்பியை மட்டுமன்றி, கேபிள் அல்லது டிஷ் கம்பியையும் கழற்றிவிடுங்கள். திரையின் ஒளியளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள். கண்ணுக்கும் நல்லது, விளக்குக்கும் ஆயுள் கூடும்.

நான்காம் வினா: விளம்பரத்தில் உள்ள எண்கள் எதைச் சொல்கின்றன? எச்.டி. ரெடி என்பது 1366-க்கு 768 புள்ளிகள். ஏறக்குறைய பத்தரை லட்சம். ஃபுல் எச்.டி. என்பது 1920-க்கு 1080. சற்றேறக்குறைய இருபத்தொரு லட்சம். 4கே என்பது 3840-க்கு 2160. ஏறக்குறைய எண்பத்து மூன்று லட்சம். பெட்டியில் '4கே ஆதரவு' என்று எழுதியிருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். 4கே படத்தை வாங்கி, தன் சிறு திரைக்கு ஏற்பச் சுருக்கிக் காட்டும் என்பதே சில பெட்டிகளில் அதன் பொருள். திரையின் புள்ளிகள் எத்தனை என்று கேளுங்கள், அதுதான் உண்மை. இணையச் செயலிகள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிப்பதை நிறுத்தினால் சில செயலிகள் ஓடமாட்டா. அது பெருங்கேடு அன்று. எச்.டி.எம்.ஐ. துளையில் ஒரு சிறு கருவியைச் செருகிச் சரி செய்யலாம். அறிவு பழையதானால் புதுப்பிக்கலாம். கண் கெட்டால்தான் துன்பம். ஆகையால் செயலிகளின் பட்டியலைப் பார்த்து மயங்காமல், திரையையும் உத்தரவாதத்தையும் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியைக் கடையிலோ வீட்டிலோ திறந்தவுடன் அரை மணி நேரம் ஓட விடுங்கள். வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு ஆகிய தனி நிறங்களைத் திரை முழுதும் காட்டச் செய்தால் செத்த புள்ளி, கறை, மூலையில் ஒளி கசிதல் முதலியன தெரிந்துவிடும். நேரே நின்றும், பக்கத்தில் நின்றும், தாழ அமர்ந்தும் பாருங்கள். எல்லாத் துளைகளிலும் கம்பியைச் செருகிப் பாருங்கள். இணையத்தில் வாங்குவோர், விற்பவர் யார், எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்பதை முன்னரே படித்துவிட்டு, அட்டையைப் பிரிப்பது முதல் படம் தெரிவது வரை கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வது நலம்.

ஐந்தாம் வினா: கையில் என்ன சான்று இருக்கிறது? ரசீது வெறும் காகிதம் என்று எண்ணாதீர்கள். உத்தரவாதம் தொடங்கும் நாளைக் காட்டுவது அது. வழக்குக்கு வேராக இருப்பது அது. ரசீது இல்லாமல் 500 ரூபாய் குறைத்துக்கொண்டபோது, என் மாணவர் தம் உரிமையை 500 ரூபாய்க்கு விற்றுவிட்டார் என்பதே உண்மை. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கினால் யாருக்குப் பயன்?

2020-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது கொடுக்காமல் இருப்பதை நேர்மையற்ற வணிக முறை என்று கூறுகிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்காவிடில் முப்பது நாளுக்குள்ளும் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று கடையில் பலகை தொங்கினாலும், குறையுள்ள பொருளுக்கு அந்தப் பலகை வேலி ஆகாது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீரவில்லையானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையில் இருந்தால் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிடல் வேண்டும். இத்தனை கதவுகள் திறந்திருந்தும், ரசீது என்னும் சாவி இல்லாதவர் வாசலிலேயே நிற்க நேர்கிறது.

இவ்வைந்து வினாக்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன் என் மாணவரும் நானும் கடைக்குப் போனோம். அவர் மீண்டும் ஏறக்குறைய ரூ. 15,000 சேர்த்திருந்தார். ஒரு கடையில் 43 அங்குலப் பெட்டி நூற்றுக்கு ஐம்பத்தைந்து தள்ளுபடி. மாணவரின் கண் அதன்மேல் சென்றது. உண்மையைச் சொன்னால் என் கண்ணும் சென்றது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். பதிவெண் இருந்தது, ஆனால் எங்கள் மாவட்டத்தில் பழுது பார்க்கும் நிலையம் இல்லை. உத்தரவாத அட்டையில் திரைத் தகட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கடையில் 32 அங்குலப் பெட்டி, தள்ளுபடி நூற்றுக்குப் பன்னிரண்டே, விலை ரூ. 14,900. நிலையம் பேருந்தில் அரை மணி தூரத்தில் இருந்தது. தொலைபேசியில் அழைத்தேன், ஒரு பெண்மணி மறுமொழி சொன்னார். திரைக்கு இரண்டாண்டு உத்தரவாதம் எழுத்தில் இருந்தது. மாணவர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துத் திரையின் மூலைவிட்டத்தை அளந்தார். பின்பு இருவரும் தரையில் குந்தி அமர்ந்து, கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தெரிவது போலக் கீழிருந்து பார்த்தோம். விற்பனையாளர் எங்களை வியப்போடு பார்த்தார். நிறம் வெளிறவில்லை, முகங்கள் தெளிவாகத் தெரிந்தன.

"ஐயா, சிறியதாக இருக்கிறதே?" என்றார் மாணவர்.

"கட்டிலுக்கும் சுவருக்கும் எத்தனை அடி, தம்பி?" என்று கேட்டேன்.

"ஆறு அடி இருக்கும்."

"ஆறு அடிக்கு இது போதும். கணக்கைப் பார். முதற்பெட்டி 17,000 ரூபாய். பதினொரு மாதம் உழைத்தது. மாதத்துக்கு 1,545 ரூபாய் ஆயிற்று. இது ஆறு ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 207 ரூபாய். எது மலிவு?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உழைத்தால் அல்லவா, ஐயா?" என்றார். நல்ல மாணவர், வினாவின் முடிச்சைக் கண்டுவிட்டார். "ஆம், உழைத்தால்தான். உழைக்காவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்; கேட்க நம்மிடம் காகிதம் இருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பெட்டியில் அதிக விலை கொடுக்கிறோம்" என்றேன். அவர் சரி என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

அந்தப் பெட்டி ஈராண்டுக்கு மேலாகப் பழுதின்றி ஓடுகிறது. ஆயினும் என் தீர்ப்பு சரி என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டமாட்டேன். நன்கு ஆராய்ந்து வாங்கிய பெட்டியும் கெடலாம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கியதும் உழைக்கலாம். ஒரு பெட்டியைக் கொண்டு விதி வகுப்பது கணக்கு ஆகாது. ஆராய்ந்து வாங்கியவனுக்கு இழப்பு நேரும் வாய்ப்புக் குறைவு. நேர்ந்தாலும் அதை ஈடு செய்துகொள்ள வழி உண்டு. நான் சொல்லக் கூடியது இவ்வளவே.

ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நம்மை நம்பி, "வாங்கலாமா?" என்று கேட்பவர், தம் சேமிப்பை நம் நாவில் வைத்துவிட்டுக் கேட்கிறார். தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால், "வா, சேர்ந்து பார்ப்போம்" என்று உடன் செல்லலாம். ஒரு நிமிஷத்தில் தீர்ப்புக் கூறுவதைவிட, ஒரு மாலைப் பொழுதைச் செலவிடுவது அறிவுடைமை.

புதிய பெட்டியைப் பொருத்திய அன்று மாலை நான் அங்கே இருந்தேன். திரை ஒளிர்ந்தது. பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குழறிய நாவால் மெல்லக் கேட்டார்: "வாத்தியாரய்யா, இதற்காவது ரசீது வாங்கினீர்களா?"

வாங்கியிருந்தோம். சட்டைப் பையிலிருந்து எடுத்து அவர் நல்ல கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நேயர்களே, உங்கள் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.